கரப்பன் பிள்ளையும் கச்சானும்

"பிள்ளைக்கு முட்டை தீத்துறீங்களோ தங்கச்சி?"

"இல்லை மிஸ்ஸி. கரப்பன் போட்டிருக்கு. முட்டை, மீன், கச்சான் ஒண்டும் குடுக்க வேண்டாமெண்டு மாமி சொல்லிப்போட்டா. கிரந்தியாம்."

குழந்தைகள் கிளினிக் நடக்கும் நாளில் முள்ளியவளையிலோ புதுக்குடியிருப்பிலோ அளம்பிலிலோ வாங்கில் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழும். தாயின் மடியில் எட்டு மாதப் பிள்ளை. இரண்டு கன்னமும் சிவந்து சொரசொரத்திருக்கும். முழங்கை மடிப்பில் சொறிந்து சொறிந்து நீர் கசியும். பிள்ளைக்கு அரிப்பு, தாய்க்கு நித்திரையில்லை. வீட்டிலுள்ளவர்கள் கண்ட ஒரே பரிகாரம் சாப்பாட்டைக் குறைப்பது.

கிரந்தி என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் விளக்கத் தேவையில்லை. கத்தரிக்காய், இறால், நண்டு, அன்னாசி என்று பட்டியலே இருக்கிறது. தமிழ்நாட்டில் இதையே கரப்பான் பண்டம் என்பார்கள். அதன் அடியில் கிடக்கும் எண்ணம் ஒன்றுதான்: வாயால் போனது தோலில் வெளிவருகிறது. சில பிள்ளைகளில் அது உண்மை. முட்டை தின்ற அரை மணித்தியாலத்துக்குள் உடம்பெல்லாம் தடித்து வீங்கும் பிள்ளையும் இருக்கிறது. ஆனால் கடந்த இருபது வருட ஆராய்ச்சி இந்த எண்ணத்தைப் பெருமளவில் தலைகீழாக்கிவிட்டது. பல பிள்ளைகளில் முதலில் வருவது கரப்பன், அதற்குப் பிறகே உணவு ஒவ்வாமை. உடைந்த தோல்தான் உணவு ஒவ்வாமைக்கு வழி திறக்கிறது. அந்த வழியில் ஒரு கிருமியும் உட்கார்ந்திருக்கிறது.

இதை வன்னித் தாய்மார் விளங்கிக்கொண்டால் இரண்டு கெடுதல்கள் குறையும். பிள்ளை பட்டினி கிடக்காது. தோலும் ஆறும்.

தோலிலிருந்து தொடங்குவோம். எங்கள் வளவுகளைச் சுற்றி முன்பு கிடுகு வேலிதானே இருந்தது. கிடுகு நன்றாக இருந்தாலும் கட்டு இற்றுப்போனால் ஆடு தலையை நுழைக்கும், மாடு பிறகு வரும். தோலின் மேற்பரப்பும் அப்படித்தான். தட்டையான உயிரணுக்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன, அவற்றுக்கிடையே கொழுப்பு நிரம்பியிருக்கிறது. ஃபிலாக்றின் என்ற புரதம் இந்த அடுக்கை இறுக்கிப் பிடித்து, ஈரத்தையும் காக்கிறது. ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தார் 2006இல் ஒரு முக்கியமான விடயத்தைக் கண்டார்கள். இந்தப் புரதத்துக்கான மரபணு பழுதானவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு மிக அதிகம். எங்கள் கரப்பனை வைத்தியர்கள் எக்ஸிமா என்றே எழுதுவார்கள். எல்லா எக்ஸிமாவுக்கும் அந்த மரபணுவே காரணம் என்றில்லை. ஆனால் எந்தக் காரணத்தால் வந்தாலும் வேலியின் கட்டுத் தளர்ந்திருக்கிறது என்பது பொது. ஈரம் வெளியே போகிறது, வெளியே கிடப்பது உள்ளே வருகிறது.

உள்ளே வருபவற்றில் முதல் ஆள் ஸ்ரெபிலோகொக்கஸ் ஓறியஸ் என்ற பக்டீரியா. 1880களில் அபடீன் நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் அலெக்சாண்டர் ஒக்ஸ்டன் சீழை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, திராட்சைக் குலைபோல் கொத்தாகத் தெரிந்த கிருமிக்கு ஸ்ரெபிலோகொக்கஸ் என்ற பெயரை வைத்தார். பிறகு 1884இல் பொன்னிறத்தைக் குறிக்கும் ஓறியஸ் என்ற அடைமொழி சேர்ந்தது, வளர்க்கும்போது மஞ்சளாகப் படர்வதால். இங்கே அதைப் பொன்னிறக் கிருமி என்றே சொல்கிறேன்.

இது ஏதோ ஊரில் இல்லாத கிருமி அல்ல. நல்ல சுகமாக இருக்கும் பெரியவர்களில் நாலு பேருக்கு ஒருவர் போல இதை மூக்குக்குள் வைத்திருக்கிறார்கள், ஒரு தீங்குமில்லை. சுகமான தோலில் இதற்கு இடம் கிடைப்பது கடினம். அங்கே அமிலத்தன்மை இருக்கிறது, கிருமியைக் கொல்லும் சிறு புரதங்கள் இருக்கின்றன, ஸ்ரெபிலோகொக்கஸ் எபிடெர்மிடிஸ், ஸ்ரெபிலோகொக்கஸ் ஹோமினிஸ் போன்ற சாதுவான பக்டீரியாக்கள் முன்பே குடியிருக்கின்றன. கலிபோர்னியாவில் றிச்சர்ட் கலோவின் ஆய்வுகூடத்தார் 2017இல் இந்தச் சாதுக்களில் சில, பொன்னிறக் கிருமியைக் கொல்லும் பொருளைத் தாமே சுரக்கின்றன என்று காட்டினார்கள். எக்ஸிமாத் தோலில் அவை குறைந்துபோகின்றன. அமிலமும் குறைகிறது, காவல் புரதங்களும் குறைகின்றன. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, எக்ஸிமா உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது பேரின் புண்பட்ட இடத்தில் பொன்னிறக் கிருமி இருந்தது.

வந்த கிருமி சும்மா இருப்பதில்லை. அது சுரக்கும் ஒரு நச்சு, தோலுக்குள்ளிருக்கும் மாஸ்ற் கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்களை உடைத்து வீக்கத்தைக் கிளப்புகிறது. புரதத்தை வெட்டும் நொதியொன்றையும் சுரக்கிறது, ஏற்கெனவே இற்ற வேலியை அது மேலும் அரிக்கிறது. அதே நொதி தோலின் நரம்பை நேரடியாகத் தீண்டி அரிப்பை உண்டாக்குவதை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2023இல் எலிகளில் கண்டார்கள். பிள்ளை ராத்திரியெல்லாம் சொறிவது அதன் குழப்படி அல்ல, தாயின் கவனக்குறைவும் அல்ல. சொறியச் சொறியத் தோல் கிழிகிறது, கிழிந்த தோலில் கிருமி பெருகுகிறது, பெருகிய கிருமி மறுபடி சொறிய வைக்கிறது.

சரி, இதற்கும் முட்டைக்கும் கச்சானுக்கும் என்ன தொடர்பு?

எங்கள் உடம்பு ஒரு உணவைச் சொந்தமாக ஏற்பதும் எதிரியாகப் பார்ப்பதும், அதை முதன்முதல் எந்த வழியில் சந்திக்கிறது என்பதில் பெரிதும் தங்கியிருக்கிறது. வாயால் போய்க் குடலைச் சேர்ந்தால், பெரும்பாலும் இது சாப்பாடு என்று உடம்பு பழகிக்கொள்கிறது. வீங்கிக் கிழிந்த தோல் வழியாக நுழைந்தால், காயத்துக்குள் வரும் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்து, அதற்கு எதிராக ஐஜிஈ என்ற நோயெதிர்ப்புப் புரதத்தைச் செய்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே உணவு வாயால் வரும்போது அந்த ஐஜிஈ அபாயமணி அடிக்கிறது. இந்த இருவழிக் கருத்தை வலியுறுத்தியவர் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் குழந்தை ஒவ்வாமை நிபுணர் கிடியன் லாக். 2003இல் அவருடைய குழு, பிரித்தானியாவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த பதிவுகளைப் பார்த்தது. கச்சான் ஒவ்வாமை வந்த பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவத்தில் கச்சான் எண்ணெய் கலந்த தோல் கிறீம்கள் அதிகம் பூசப்பட்டிருந்தன.

பெரியவர்களுக்கும் இது நேரும் என்பதை யப்பான் காட்டியது. அங்கே கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சவர்க்காரம் ஒன்று நன்றாக விற்பனையானது. அதைப் பாவித்தவர்களில் 2,000 பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை பாணும் நூடில்சும் சாதாரணமாகச் சாப்பிட்டவர்கள் அவர்கள். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த சங்கதி இது.

இந்த வழியில் கிருமியின் பங்கை வெளிச்சமாக்கியது லீப் என்ற ஆய்வு. அதன் கதை சுவையானது. பிரித்தானியாவில் வாழும் யூதப் பிள்ளைகளுக்கு, இஸ்ரேலில் வாழும் யூதப் பிள்ளைகளைவிட கச்சான் ஒவ்வாமை பத்து மடங்கு அதிகம் என்று 2008இல் லாக்கின் குழு கண்டது. இனம் ஒன்றுதான், வேறுபட்டது சாப்பாடு. இஸ்ரேலில் தவழும் வயதிலேயே பம்பா என்ற கச்சான் பலகாரத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பிரித்தானியாவிலோ, பயந்து, அக்காலத்து வைத்திய ஆலோசனைப்படி கச்சானைக் காட்டாமலே வளர்த்தார்கள். எங்கள் மாமிமார் செய்வதும் இதுதான்.

லாக்கின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, 4 முதல் 11 மாத வயதுள்ள 640 குழந்தைகள். பாதிப் பேருக்குக் கிழமைக்கு மூன்று முறையாவது கச்சான் உணவு, மற்றப் பாதிக்கு 5 வயதுவரை கச்சானே இல்லை. 2015இல் முடிவு வந்தது. தொடக்கத்தில் தோற்சோதனையில் கச்சானுக்கு எதிர்வினை காட்டாத பிள்ளைகளை எடுத்தால், விலக்கி வளர்த்தவர்களில் 13.7 வீதம் பேருக்குக் கச்சான் ஒவ்வாமை, தின்று வளர்ந்தவர்களில் 1.9 வீதம் பேருக்கு மட்டும். உலகம் முழுவதும் ஆலோசனைகள் மாறின.

அதே பிள்ளைகளின் தோலிலும் மூக்கிலும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்த மாதிரிகளையும் அந்தக் குழு சேர்த்து வைத்திருந்தது. ஒலிம்பியா சிலோக்ரிஸ்டு முதலானோர் 2019இல் அவற்றின் முடிவை வெளியிட்டார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பிள்ளைகளில் ஒரு தடவையாவது பொன்னிறக் கிருமி அகப்பட்டிருந்தது. தோலில் அது இருந்த பிள்ளைகளின் இரத்தத்தில் முட்டைக்கும் கச்சானுக்கும் எதிரான ஐஜிஈ கூடுதலாக இருந்தது. முட்டை ஒவ்வாமை சாதாரணமாக வளர வளர மறைந்துவிடும். இந்தப் பிள்ளைகளில் அது 5, 6 வயதிலும் நின்றுபிடித்தது. எக்ஸிமா கடுமையாக இருந்ததால்தான் இப்படியோ என்று கேட்கலாம். கடுமையைக் கணக்கிலெடுத்துக் கழித்துப் பார்த்தும் கிருமிக்கும் ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பு மிஞ்சியது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இன்னொரு எண். கச்சானை ஒழுங்காகத் தின்ற குழுவிலும் 9 பிள்ளைகளுக்கு ஒவ்வாமை வந்தது. அந்த ஒன்பது பேரில் எட்டுப் பேரிடம் பொன்னிறக் கிருமி இருந்தது. நேரத்தோடு தீத்தினாலும், கிருமி பிடித்த தோல் அந்தப் பாதுகாப்பைக் கெடுக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கிருமிதான் ஒவ்வாமையை உண்டாக்குகிறது என்று இதைக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதே இதன் பொருள். ஆனால் எலிகளில் செய்த பரிசோதனைகளில் இந்தக் கிருமியின் நச்சு தோலில் பட்டால் அது உணவுப் புரதத்துக்கு எதிரான ஒவ்வாமையைத் தூண்டிவிடுகிறது. ஆகவே சந்தேகம் நியாயமானது.

இதெல்லாம் வெள்ளைக்காரரின் வருத்தம், எங்களுக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குப் போய்க் கச்சான் வாங்காமல் திரும்பிய குடும்பம் உண்டா? கச்சான் விளையும் மண் எங்களுடையது. கச்சான் ஒவ்வாமை எங்கள் ஊரில் பெரிய பேச்சாக இருந்ததில்லை. கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளிடையே நடந்த ஆய்விலும், உணவு ஒவ்வாமை இருக்கலாம் என்று கணக்கிட முடிந்தவர்கள் 0.14 வீதம் பேர்தான். அதே முறையில் ஹொங்கொங்கில் பார்த்தபோது 1.5 வீதம். எங்கள் பக்கம் பத்து மடங்கு பாதுகாப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு இரத்தத்தில் வருவதல்ல. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பள்ளிக்கூடம் சேர்ந்த 57,000 ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஆசியாவில் பிறந்து பிறகு குடிபெயர்ந்து போன பிள்ளைகளுக்குக் கச்சான், கொட்டை வகை ஒவ்வாமை குறைவு. ஆசியத் தாய்மாருக்கு அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு அது உள்ளூர்ப் பிள்ளைகளையும்விட அதிகம். வன்னியில் மெல்பேர்ணிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ பேரப்பிள்ளை இல்லாத வீடு எத்தனை? மெல்பேர்ணில் ஒரு வயதுக் குழந்தைகள் 5,000 பேருக்கு மேற்பட்டவர்களைச் சோதித்தபோது, எக்ஸிமா இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முட்டை, கச்சான், எள்ளு இவற்றில் ஏதாவது ஒவ்வாமை இருந்தது. எக்ஸிமா இல்லாதவர்களில் இருபத்தைந்தில் ஒருவருக்குத்தான். அங்கிருந்து மகள் தொலைபேசியில் அழுதுகொண்டு கேட்டால், இங்கிருந்து அம்மா சொல்லப்போவது என்ன? "கிரந்தி, ஒண்டும் குடுக்காதை" என்றுதானே. அந்த ஆலோசனை அங்கே இன்னும் ஆபத்தானது.

இலங்கைக்கும் சொந்தக் கணக்கு உண்டு. கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையம் 1900ஆம் ஆண்டில் தொடங்கிய பழைய நிறுவனம். அதன் நோயெதிர்ப்பியல் பிரிவில் றஜீவ டி சில்வா முதலானோர், உயிராபத்தான ஒவ்வாமையோடு வந்தவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் முன்னுக்கு நின்றவை கச்சானல்ல, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி போன்ற சிவப்பிறைச்சியும் பசுப்பாலும். அதனால் வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே எடுத்து எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டக்கூடாது. எங்கள் பிள்ளை எதைத் தின்றபின் என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

கடற்கரை வீடுகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூரை, கும்பளா போன்ற மீனை ஐஸில் வைக்காமல் வெயிலில் விட்டால் அதில் ஹிஸ்ரமின் என்ற பொருள் ஊறிவிடும். சமைத்தாலும் அது போகாது. தின்றவருக்கு முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், தலையிடிக்கும். பார்க்க ஒவ்வாமை போலவே இருக்கும். அன்று அதே மீனைத் தின்ற இன்னும் சிலருக்கும் அப்படியே வந்திருந்தால் பழி மீனைக் கெடவிட்டதில்தான். அதற்காகப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க மீனை மறிக்கவேண்டாம்.

இனி வீட்டுக்கு வருவோம். முதல் வேலை தோலை ஆற்றுவது.

கிருமிதான் பிரச்சினை என்றதும் பலருக்குக் கிருமிநாசினிச் சவர்க்காரத்தைத் தேய்க்கத் தோன்றும். அது பிழை. சவர்க்காரம் தோலின் அமிலத்தைக் கெடுத்து, எண்ணெய்ப்பற்றைக் கழுவி, சாதுவான பக்டீரியாக்களையும் கொன்று, பொன்னிறக் கிருமிக்கு வெளியான காணியைக் கொடுத்துவிடும். அன்ரிபயோற்றிக் கிறீமை வாங்கித் தொடர்ந்து பூசுவதும் அப்படித்தான். பிரித்தானியாவில் கிருமி தொற்றியதாகத் தெரிந்த இலேசான எக்ஸிமாப் பிள்ளைகளுக்கு அன்ரிபயோற்றிக் கொடுத்தும் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. கிருமியோ மருந்துக்கு அடங்காததாகப் பழகிவிடும். சீழ் வைத்தால், தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால், காய்ச்சல் வந்தால், வைத்தியர் தரும் அன்ரிபயோற்றிக் வேறு கதை. அதை முழுக்கக் கொடுத்து முடிக்கவேண்டும்.

குளிப்பாட்டலாம், ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டலாம். இளஞ்சூட்டுத் தண்ணீர், ஐந்து பத்து நிமிடம், சவர்க்காரம் அழுக்குள்ள இடத்துக்கு மட்டும். எங்கள் கிணறுகள் பலவற்றில் சவர்க்காரம் நுரைக்காது, தண்ணீர் வன்மை. பிரித்தானியாவில் வன்தண்ணீர்ப் பகுதியில் வாழும் மூன்று மாதக் குழந்தைகளுக்கு எக்ஸிமா கூடுதலாக இருந்தது. ஆனால் எக்ஸிமா வந்த பிள்ளைகளின் வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் பொறி பூட்டிப் பார்த்தபோது பயனில்லை. ஆகவே தண்ணீரை மாற்றக் காசு செலவழிக்க வேண்டாம். நுரைக்கவில்லையே என்று சவர்க்காரத்தை இன்னும் இன்னும் போடாமல் விட்டாலே போதும்.

துடைத்த கையோடு, தோலில் ஈரம் இருக்கும்போதே, பசை பூசவேண்டும். ஆஸ்பத்திரியில் தரும் வெண்பரபின் பசை போதும், விலையான கிறீம் தேவையில்லை. தேங்காயெண்ணெய் பூசலாமோ என்று எல்லாத் தாய்மாரும் கேட்பார்கள். பூசலாம். பிலிப்பைன்சில் 117 எக்ஸிமாப் பிள்ளைகளில் சூடாக்காமல் எடுத்த தேங்காயெண்ணெய் எட்டுக் கிழமையில் மினரல் எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. அங்கேயே முன்பு பெரியவர்களில் செய்த சிறிய ஆய்வொன்றில், பொன்னிறக் கிருமி இருந்த 20 பேரில், தேங்காயெண்ணெய் பூசியபின் ஒருவரிடம் மட்டுமே அது மிஞ்சியது. ஒலிவ் எண்ணெய் பூசிய 12 பேரில் 6 பேரிடம் மிஞ்சியது. எங்கள் வீட்டுப் பழக்கத்துக்குக் கிடைத்த நல்ல சான்று இது. நல்லெண்ணெயை உடைந்த தோலில் பூசுவதை நான் ஏற்கமாட்டேன். எள்ளு ஒவ்வாமை தரக்கூடிய உணவு, செக்கில் ஆட்டிய எண்ணெயில் அதன் புரதமும் இருக்கும். பயத்தம்மாவும் கடலைமாவும் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் கரப்பன் தோலுக்கு வேண்டாம். யப்பானியச் சவர்க்காரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிது கை. லண்டனில் 1,300 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று எதிர்பாராத ஒன்றைச் சொன்னது: குழந்தைக்கு எவ்வளவு அடிக்கடி பசை பூசினார்களோ அவ்வளவு கூடுதலாக உணவு ஒவ்வாமை வந்தது. பூசும் கையிலிருந்த உணவுப் புரதம் பசையோடு தோலுக்குள் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எங்கள் கைகளை நினைத்துப் பாருங்கள். இறால் உரித்த கை, கருவாடு புரட்டிய கை, கச்சான் உடைத்த கை. அமெரிக்க வீடுகளின் தூசியில் கச்சான் புரதம் கூடக்கூட, எக்ஸிமாப் பிள்ளைகளின் ஒவ்வாமையும் கூடுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். கச்சான் பிடுங்கும் காலத்தில் எங்கள் விறாந்தையில் குவியல் கிடக்கும், பிள்ளை அதன் பக்கத்தில் தவழும். தோலெல்லாம் கச்சான் தூசி. வாய்க்கு மட்டும் ஒரு பருக்கை இல்லை, கிரந்தி என்று! பசை பூசுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். போத்தலுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள், கிருமி போத்தலுக்குள்ளும் குடியேறும். பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டுங்கள், துவாயைத் தனியாக வையுங்கள்.

பசை மட்டும் போதாத பிள்ளைகளுக்கு வைத்தியர் ஸ்டீரொயிட் கிறீம் எழுதுவார். அந்தப் பெயரைக் கேட்டதும் பயந்து அரைப் பயறளவு தொட்டுவிட்டு மூடிவைப்பவர்கள் ஒருபக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்த கடும் கிறீமை வாங்கிப் பிள்ளையின் முகத்தில் மாதக்கணக்கில் பூசுபவர்கள் மறுபக்கம். இரண்டும் தீங்கு. வீக்கம் அடங்கினால்தான் வேலி கட்டப்படும், வேலி கட்டினால் கிருமி தானாகக் குறையும். யப்பானில் எக்ஸிமா வந்த 650 கைக்குழந்தைகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு வழமையான சிகிச்சை கொடுத்தார்கள், மற்றப் பாதியின் எக்ஸிமாவை முன்கூட்டியே இறுக்கமாக ஸ்டீரொயிட் கொண்டு அடக்கினார்கள். வழமையான சிகிச்சை பெற்றவர்களில் முட்டை ஒவ்வாமை 41.9 வீதம், இறுக்கமாக அடக்கியவர்களில் 31.4 வீதம். 2023இல் வந்த முடிவு இது. ஆனால் இறுக்கமாக அடக்கிய பிள்ளைகளின் நிறையும் உயரமும் சிறிது குறைவாக இருந்தன. ஆகவே எவ்வளவு, எத்தனை நாள் என்பதை வைத்தியரிடம் கேட்டு, அதன்படி செய்யவேண்டும்.

இரண்டாவது வேலை வாயைத் திறப்பது. ஆறு மாதம் முடிந்து சோறு தீத்தத் தொடங்கும்போது, தோலும் ஓரளவு ஆறியிருக்கும்போது, நன்றாக அவித்த முட்டையைச் சிறிது மசித்துச் சேருங்கள். யப்பானின் இன்னொரு ஆய்வு இதையே செய்தது: எக்ஸிமாவை முதலில் அடக்கி, ஆறாம் மாதத்திலிருந்து சூடாக்கிய முட்டைத் தூளை மிகச் சிறிய அளவில் கொடுத்தார்கள். ஒரு வயதில் முட்டை ஒவ்வாமை 8 வீதம். கொடுக்காமல் வளர்த்தவர்களில் 38 வீதம். கச்சானை ஒருபோதும் முழுதாகக் கொடுக்கவேண்டாம், ஐந்து வயதுவரை அது மூச்சுக்குழாயில் சிக்கும் பொருள். வறுத்து மாவாக அரைத்துக் கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாம். புது உணவு ஒரு நேரத்துக்கு ஒன்று, காலையில், பிள்ளை சுகமாயிருக்கும் நாளில். ஒத்துக்கொண்டால் விடாமல் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் தொடருங்கள். ஒருநாள் கொடுத்து ஆறு மாதம் விட்டால் பயனில்லை. தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம், தாய் தன் சாப்பாட்டைக் குறைக்கவும் வேண்டாம்.

இதில் ஒரு விலக்கு உண்டு, இதை இரண்டு தரம் வாசியுங்கள். பிள்ளையின் எக்ஸிமா கடுமையானது என்றாலும், ஏதாவது உணவு தின்று முன்பு தடித்து வீங்கியது என்றாலும், முட்டையையோ கச்சானையோ வீட்டில் நீங்களாகத் தொடங்கக்கூடாது. முதலில் முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையின் பிள்ளைநல வைத்தியரிடம் காட்டுங்கள், தேவையானால் அவர் ஒவ்வாமைச் சோதனைக்கு அனுப்புவார். சோதனைத் தாளில் ஐஜிஈ கூடியிருக்கிறது என்ற ஒன்றுக்காக, இதுவரை தின்று ஒன்றும் நடக்காத உணவை நிறுத்தவும் வேண்டாம். கர்நாடகத்துப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்குப் போல இரத்தத்தில் ஐஜிஈ இருந்தது, வருத்தமோ ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான்.

உணவு தின்ற சிறிது நேரத்தில் உதடு, கண் வீங்கி, மூச்சு இழுத்து, குரல் அடைத்து, விடாமல் வாந்தியெடுத்து, பிள்ளை சோர்ந்து விழுந்தால், அது கரப்பன் அல்ல. உயிராபத்து. எலுமிச்சம்பழத் தண்ணீரும் பிரிற்றன் பாணியும் கொடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. தேவையான மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அல்லது அகப்பட்ட வாகனத்தில் அண்மையிலுள்ள ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள். பிள்ளையைப் படுக்கவைத்தே கொண்டுபோங்கள், மூச்சுத் திணறினால் இருத்தி வையுங்கள், எழுப்பி நடக்க விடாதீர்கள்.

மாமிமார்களே, நீங்கள் பேரப்பிள்ளையில் வைத்திருக்கும் அக்கறையில்தான் முட்டையை மறித்தீர்கள். அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் மருமகளோடு வாருங்கள். பிள்ளையின் கன்னத்தை மிஸ்ஸியிடம் காட்டி, தோலுக்கு என்ன பூசுவது, எந்த உணவை எப்போது தொடங்குவது என்று இரண்டையும் ஒன்றாகக் கேளுங்கள்.